செங்கற்பட்டு ஜில்லாவும் தாதிப் பயிற்சியும்

மாமல்லபுரத்திற்குள் நுழைவோர் செவியில் கடலோசைக்கு முன்னரே உளியோசை விழுகின்றது. சாலையோரத்துக் கொட்டகைகளிற் கல் கொத்துவோரிற் பலர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். 1957-ஆம் வருஷத்தில் சர்க்கார் அவ்வூரிற் சிற்பக் கல்லூரி நிறுவியது நன்றே. எனினும் ஸ்தபதியின் அருகில் அமர்ந்து, முதலிற் கல்லைத் தேய்த்து, பின்னர் அளவு பிடித்து, அதன் பின்னரே உளி எடுத்து, கூலியையும் வித்தையையும் ஒருங்கே பெறுவது தமிழ்நாட்டுச் சிற்பிகளின் தொன்றுதொட்ட வழக்கம். நோயாளியைப் பேணும் வித்தைக்கும் இம்முறை பொருந்துமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விஷயம்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களிலே பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண்களுக்குக் குறைவில்லை. தாதித் தொழிலை விரும்புவோரும் அவர்களுள் இருக்கின்றனர். சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தாற் பாக்கியம். கிடைக்காவிடில் தனியார் கல்லூரியின் சம்பளம் கட்ட வேண்டும். படகுக்கு வாங்கிய கடனே தீராதிருக்க, மகள் மூன்று நான்கு வருஷம் சம்பாத்தியமின்றிப் படிப்பது எங்ஙனம் கூடும்? ஆகவே சிலர் பக்கத்து ஊர்களிலுள்ள சிறு ஆஸ்பத்திரிகளில் வேலைக்கு அமர்கின்றனர். அங்கே சீருடை கிடைக்கின்றது. "சிஸ்டர்" என்ற பெயரும் கிடைக்கின்றது. ஊசி போடுகின்றனர்; குளுக்கோஸ் ஏற்றுகின்றனர். கற்பிப்பவர் யாரெனில், சென்ற வருஷம் வந்து சேர்ந்த மற்றொரு பெண். பரீக்ஷையுமில்லை, பதிவுமில்லை. பத்து வருஷம் உழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் தாதியல்லள். தாதிகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்குச் சென்னையில் 1926-ஆம் வருஷத்திலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது என்பதை இங்கு நினைவூட்டுகின்றோம். வேலை செய்துகொண்டே கற்கும் முறை நம்மிடம் இல்லாமலில்லை, கள்ளத்தனமாக இருக்கின்றது. அதனால் நோயாளிக்கும் கேடு, பெண்ணுக்கும் கேடு.

இங்கிலாந்து தேசத்தார் இதனை வெளிப்படையாகச் செய்திருக்கின்றனர். அங்கே தாதிக்கும் உதவியாளருக்கும் இடையே "துணைத்தாதி" எனத்தக்க ஒரு வகுப்பை ஏற்படுத்தி, 2017-ல் 2,000 பேரைக் கொண்டு பயிற்சியைத் தொடங்கினார்கள். காலம் இரண்டு வருஷம். ஆஸ்பத்திரியிற் சம்பளம் பெற்றுக்கொண்டே கல்லூரியிலும் பயிலலாம். தேறியவர்களைத் தாதிகளின் சபையே 2019 ஜனவரி முதற்கொண்டு தன் பதிவேட்டில் ஏற்று வருகின்றது. மேலும் படிக்க விரும்புவோர் முழுத் தாதியாகவும் வழியுண்டு. நமது தேசத்திலே கிராமத்துப் பிரசவ வேலைக்கென இரண்டு வருஷப் பயிற்சி பெற்ற துணைத் தாதியர் உளர் என்பது மெய்யே. ஆயினும் ஆஸ்பத்திரி வார்டுக்கென இடைநிலை வகுப்பு ஒன்றில்லை. சம்பளத்துடன் கற்கும் வழியும் இல்லை.

சீமையிலிருந்து எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை என்பாருக்குத் திருமணியைக் காட்டுகின்றோம். செங்கற்பட்டை அடுத்த அவ்விடத்தில் டாக்டர் காக்ரேன் முதலியோர் பணிபுரிந்த குஷ்டரோக ஆஸ்பத்திரியை 1955-ல் மத்திய சர்க்கார் ஏற்று, பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்குமுரிய ஸ்தாபனமாக்கினர். தேசமெங்கும் அந்நோயை எதிர்த்தவர் டாக்டர்கள் மட்டுமா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ச் சென்று சிறுவர் முதுகில் உணர்ச்சியற்ற வெண்புள்ளிகளைத் தேடியவரும், மாத்திரையுடன் வீடு வீடாய் நடந்தவரும் திருமணி போன்ற இடங்களிற் பயின்ற இடைநிலை ஊழியரே. 1983-ல் கூட்டு மருந்து முறை வந்தது. 2005 டிசம்பரிலே நோய், தேசத்தின் மொத்தக் கணக்கில், பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. பட்டமில்லாதார் கையிற் கொடுக்கத்தகாத வேலை என்று எவரும் அன்று சொல்லவில்லை. காந்தியடிகளும் தென்னாப்பிரிக்காவில் வக்கீலாயிருந்தபோது தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் நாள்தோறும் மருந்து கலக்கும் வேலை பழகினார். போயர் யுத்தத்தில் அப்பழக்கம் கைகொடுத்ததென்று தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

இனி, இவ்விஷயத்தில் உள்ள அபாயத்தைச் சொல்லுவோம். இங்கிலாந்தில் அப்ரண்டீஸ் என்பவன் சட்டப்படி ஊழியன். நம்முடைய 1961-ஆம் வருஷத்து அப்ரண்டீஸ் சட்டத்தின் 18-ஆம் பிரிவோ, அவன் பயில்வோனே அன்றித் தொழிலாளியல்லன் என்கின்றது. தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பு அவனுக்கில்லை. 22-ஆம் பிரிவு, பயிற்சி முடிந்தவனுக்கு வேலை கொடுக்க முதலாளி கடமைப்பட்டவனல்லன் என்றிருந்தது. 2014-ல் திருத்தப்பட்டு, ஒவ்வொரு முதலாளியும் தன் கொள்கையைத் தானே வகுத்துக் கொள்ளலாம் என்றாயிற்று. திருத்தத்தால் விளைந்த நன்மை யாதென்று நமக்கு விளங்கவில்லை. மற்றத் தகுதிகள் சமமாயின் பயிற்சி பெற்றவனுக்கே முதலிடம் என்று சுப்ரீம் கோர்ட்டார் 1995-ல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் தீர்ப்பளித்தனர். எனினும் முதலிடம் என்பது உத்தியோகமாகாது. சீனியர் வக்கீலிடம் சம்பளமின்றிக் கட்டுச் சுமந்த வகுப்பைச் சேர்ந்தவர்களாதலின், கற்பித்தல் என்னும் பெயரால் உழைப்பு எவ்வளவு மலிவாய்க் கிடைக்கும் என்பதை நாம் அறிவோம்.

முழுப் படிப்புப் படித்த தாதிகளையே சர்க்கார் நடத்திய விதத்தைப் பாருங்கள். 2015-ல் பரீக்ஷை வைத்து ஆயிரக்கணக்கானோரை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தினர். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று வாக்களித்தனர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் கூடிப் போராட வேண்டியதாயிற்று. கொரோனாக் காலத்தில் அழைக்கப்பட்ட தாதிகளின் வேலையோ 2022 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் முடிக்கப்பட்டது. இத்தகைய சர்க்கார் கையிற் பாதுகாப்பற்ற அப்ரண்டீஸ் முறையை ஒப்படைத்தால், தாதி ஓய்வு பெறும் இடத்திலெல்லாம் பயில்வோரை நிறுத்திக் கணக்கைச் சரிக்கட்டுவர். தாதிச் சங்கத்தார் அஞ்சுவதும் இதுவே. அவ்வச்சத்தை நாம் குறை கூறோம். ஐரோப்பாவில் ஆறு தேசங்களின் 243 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தோர், இருபத்தைந்து நோயாளிக்கு ஒரு தாதியை நீக்கி உதவியாளரை வைத்தால் நோயாளி இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 21 கூடுவதாகக் கணக்கிட்டனர். துணைத்தாதி, தாதியின் பக்கத்தில் நிற்க வேண்டியவளே தவிர, அவள் நாற்காலியில் அமரத்தக்கவளல்லள்.

ஆதலின், பயிலத் தொடங்கும் நாளிலேயே அப்பெண் சர்க்கார் ஊழியராகப் பதியப்பட வேண்டும் என்பது நமது முதற் கோரிக்கை. மற்றவை இதனைத் தொடர்ந்து வருபவை: குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம், தாதிச் சபையாரின் பரீக்ஷை, பதிவு. எத்தனை தாதிகளுக்கு ஒரு துணைத்தாதி என்பதையும் உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும். "பின்னர்த் தீர்மானிக்கப்படும்" என்னும் வாக்கியம் எத்தனை உத்தரவுகளைக் கொன்றிருக்கின்றது! கற்பிக்க இடமும் தேட வேண்டியதில்லை. 1965 முதல் வைத்தியக் கல்லூரியுடன் கூடிய பெரிய ஆஸ்பத்திரி செங்கற்பட்டில் இருக்கின்றது. வாரத்தில் சில நாள் அங்கே பாடமும் வார்டு வேலையும், மற்ற நாட்களில் கடற்கரையோரத்துச் சுகாதார நிலையங்களில் வேலையும் என வகுத்தால், பெண்கள் வீட்டை விட்டுத் தூரம் போகவும் நேரிடாது. தேறியவுடன் அந்நிலையங்களிலேயே நியமனம் தரலாம். 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தில் வீடு வீடாய்ச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஸ்திரீகள், சம்பளமின்றி ஊக்கத்தொகைக்கு உழைத்து வருபவர்கள். முதற் தொகுதியில் அவர்களுக்கு இடம் ஒதுக்குவது நியாயம்.

பணமில்லை என்று கஜானாவிலிருந்து பதில் வரும். 2019-ல் புது ஜில்லா பிரித்து, கலெக்டர் கச்சேரி கட்டப் பணம் கிடைத்தது. முதல் தொகுதிக்கு ஐம்பது பெண்கள் போதும். ஐம்பது பேர் சம்பளத்தை வரவுசெலவுத் திட்டத்தில் தேடிப் பார்ப்பவர் கண்டுபிடிப்பார்.

அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபைகளில், நெம்மேலி, பட்டிப்புலம் முதலிய ஊர்களின் தொண்டர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகின்றோம். "ஊழியர்" என்ற சொல் தீர்மானத்தில் இருக்கட்டும். "பயில்வோர்" என்று மட்டும் எழுதி ஒப்பமிட வேண்டாம். நகல் ஒன்று கலெக்டருக்கும், ஒன்று சுகாதார மந்திரிக்கும், ஒன்று நமது காரியாலயத்திற்கும் வரட்டும். எவ்வூர் அனுப்பியது, எவ்வூர் அனுப்பவில்லை என்பதை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.