சாட்சி கூறுதல் (கிறிஸ்தவம்)

சாட்சி கூறுதல் அல்லது சாட்சி பகர்தல் என்பது, கிறிஸ்தவர் ஒருவர் தாம் இறைநம்பிக்கைக்கு வந்த வரலாற்றையும், தமது வாழ்வில் இறைவன் செய்ததாகத் தாம் நம்பும் நன்மைகளையும் பிறர் முன்னிலையில் எடுத்துரைக்கும் வழக்கம் ஆகும். கேட்போரின் நம்பிக்கையை உறுதிப்படுத்துவதும், துன்பத்தில் இருப்போருக்கு ஊக்கம் அளிப்பதும் இதன் முதன்மை நோக்கங்கள் ஆகும். ஒருவர் கூறும் சாட்சி உண்மையானதா என்பதை எவ்வாறு அறிவது என்ற கேள்வி தொடக்கம் முதலே இவ்வழக்கத்துடன் இணைந்து வந்துள்ளது. மதுரையை அடுத்த பசுமலையில் மையம் கொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷனின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சொல்லும் பொருளும்

சாட்சி என்னும் சொல் வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. கண்ணால் கண்டவர் என்பதே இதன் அடிப்படைப் பொருள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இதற்கு இணையான சொல் 'மார்ட்டிஸ்' என்பதாகும். முதலில் சாட்சி சொல்பவரை மட்டும் குறித்த இச்சொல், பின்னர் நம்பிக்கைக்காக உயிர் துறந்தவரையும் குறிக்கலாயிற்று.

இந்த இரு பொருள்களும் தமிழிலும் அருகருகே நிற்கின்றன. நம்பிக்கைக்காக உயிர் நீத்தவரைத் தமிழ்க் கத்தோலிக்கர் வேதசாட்சி என்றும் மறைசாட்சி என்றும் அழைப்பர். 1693ஆம் ஆண்டு ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), 1752இல் ஆரல்வாய்மொழி அருகே கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை ஆகியோர் இவ்வாறு போற்றப்படுகின்றனர். எனவே தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் சாட்சி என்பது வாயால் சொல்வதையும் வாழ்ந்து காட்டுவதையும் ஒருங்கே குறிக்கிறது.

விவிலியப் பின்னணி

புதிய ஏற்பாட்டில் சாட்சி கூறுவோர் பலர் இடம்பெறுகின்றனர். யோவான் நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண் ஒருத்தி தான் கண்டதைத் தன் ஊராரிடம் சென்று சொல்கிறாள். அதே நூலின் 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற ஒருவர் தம்மை விசாரிப்போரிடம் நடந்ததை மட்டும் திரும்பத் திரும்பக் கூறுகிறார். தூய பவுல் தமது மனமாற்றத்தை எருசலேம் மக்களிடமும் (அப்போஸ்தலர் நடபடிகள் 22), அகிரிப்பா மன்னனிடமும் (26) விவரிக்கிறார். கேட்போர் வேறானதால் இவ்விரு விவரிப்புகளும் அழுத்தத்தில் சற்று வேறுபடுகின்றன.

பொது அமைப்பு

பெரும்பாலான சாட்சிகள் மூன்று பகுதிகளைக் கொண்டவை:

1. முந்தைய வாழ்க்கை, அல்லது நேர்ந்த துன்பம்
2. மாற்றம் நிகழ்ந்த தருணம்
3. அதன் பின்னர் அமைந்த வாழ்க்கை

கி.பி. 400ஐ ஒட்டி அகுஸ்தீன் இலத்தீனில் எழுதிய தன்வரலாற்று நூலும், 1666இல் ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறும் இவ்வமைப்புக்கு முன்மாதிரிகளாகக் கருதப்படுகின்றன. தமிழகச் சபைகளில் சாட்சி பொதுவாக வீட்டு ஜெபக்கூட்டம், உபவாச ஜெபம், நற்செய்திக் கூட்டம், டிசம்பர் 31ஆம் நாள் இரவு ஆராதனை ஆகியவற்றில் கூறப்படுகிறது. நோய் நீங்குதல், குடிப்பழக்கத்தை விடுதல், வேலை கிடைத்தல், குடும்பம் ஒன்றுசேர்தல் முதலியன அடிக்கடி இடம்பெறும் பொருள்கள் ஆகும்.

பசுமலையும் மதுரை மிஷனும்

பசுமலை மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஒரு குன்றும் அதனைச் சூழ்ந்த ஊரும் ஆகும். யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834ஆம் ஆண்டு மதுரையில் தம் பணியைத் தொடங்கினர். உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிப்பதற்காக 1842இல் திருமங்கலத்தில் தொடங்கப்பட்ட செமினரி 1845இல் பசுமலைக்கு மாற்றப்பட்டது. பின்னர் மதுரை நகருக்கு இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரியும் 1881இல் பசுமலையிலேயே தோன்றியது.

இம்மிஷனரிகள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் என்னும் சபைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இப்பிரிவின் முன்னோர் 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறியவர்கள். அங்கிருந்த பல சபைகளில், உறுப்பினராகச் சேர விரும்புபவர் தமது மனமாற்ற அனுபவத்தைச் சபையாரிடம் விவரிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பிறப்பினால் மட்டும் ஒருவர் சபையின் முழு உறுப்பினர் ஆகிவிடமாட்டார் என்பதே இதன் உட்கருத்து. ஒருவர் தம் வாயால் கூறும் நம்பிக்கை வரலாற்றுக்குப் பெருமதிப்பு அளிக்கும் இம்மரபிலிருந்தே மதுரை மிஷனரிகள் வந்தனர்.

1847ஆம் ஆண்டின் சாதிச் சோதனை

சொல்லளவிலான சாட்சி போதுமா என்ற கேள்வி இம்மிஷனில் விரைவிலேயே எழுந்தது. கிறிஸ்துவில் யாவரும் ஒன்று என்று அறிக்கையிட்டவர்களில் பலர், தாழ்த்தப்பட்ட சாதியினருடன் சேர்ந்து உண்ண மறுத்தனர். 1847ஆம் ஆண்டு மதுரை மிஷன் இதில் உறுதியான முடிவு எடுத்தது. சாதியைக் கைவிட்டதற்கு அடையாளமாக, சமைத்தவர் எச்சாதியினர் என்று பாராமல் அனைவரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று கோரப்பட்டது. இதற்கு இணங்காத உறுப்பினர்களும் பணியாளர்களும் பலர் சபையிலிருந்து விலக்கப்பட்டனர் அல்லது தாமே விலகினர்.

1850ஆம் ஆண்டு சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு இத்தகைய சோதனைக்கு ஆதரவளித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனரிகள் இதனை ஏற்கவில்லை. சாதி ஒரு சமூக வழக்கம் என்றும், அது படிப்படியாகவே மறையும் என்றும் அவர்கள் கருதினர். மிஷனரிகள் அயல்நாட்டினர் என்பதால், உணவுப் பழக்கத்தைச் சோதனையாக்குவது தமிழ்ப் பண்பாட்டில் தலையிடுவதாகும் என்ற எதிர்ப்பும் இருந்தது. எனினும், சாதியால் ஒதுக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை, அருகில் அமர்ந்து உண்ண மறுப்பவர் கூறும் சாட்சிக்குப் பொருள் இருக்க முடியாது. பந்தியில் அமர்வதே இங்குச் சாட்சியின் உரைகல் ஆயிற்று.

பாட்டும் உரைநடையும்

தமிழில் சாட்சி பெரும்பாலும் பாட்டு வடிவில் பரவியது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனைகள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. ஆனால் சாஸ்திரியார் 1820களின் இறுதியில், சபைகளில் சாதி வழக்கங்களை நீக்க முயன்ற மிஷனரிகளை எதிர்த்து எழுதியவரும் ஆவார். சாதியை விலக்கிய மிஷனே அவருடைய பாடல்களை ஏற்றுப் பரப்பியது கருதத்தக்கது.

உரைநடையில், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) தாம் கிறிஸ்தவரான வரலாற்றை எழுதினார். வைணவக் குடும்பத்தில் பிறந்த இவர் சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியபின் 1858இல் திருமுழுக்குப் பெற்றார். பனியனின் மற்றொரு நூலைத் தழுவி இவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியமும், தனிமனிதனின் நம்பிக்கைப் பயணத்தையே பொருளாகக் கொண்டது.

பெண்களின் பங்கு

வீட்டை விட்டு அதிகம் வெளிவராத பெண்களைச் சந்தித்து, வாசிப்புக் கற்பித்து, விவிலியக் கதைகளையும் தம் அனுபவங்களையும் கூறிய பணிப்பெண்கள் வேதாகமப் பெண்கள் எனப்பட்டனர். இவர்களுக்குப் பயிற்சி அளிக்க ஈவா சுவிஃப்ட் என்பவர் 1892இல் மதுரையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மேடையில் பிரசங்கம் செய்யும் வாய்ப்புப் பெண்களுக்கு இல்லாத காலத்தில், சாட்சி கூறுதலே அவர்களுக்குக் கிடைத்த பேச்சுரிமையாக இருந்தது. திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) தலைமையில் 1860இல் எழுந்த எழுப்புதல் இயக்கத்திலும் பெண்கள் பலர் வெளிப்படையாகப் பேசினர். பாவங்களைச் சபையார் முன் அறிக்கையிடுதல் அவ்வியக்கத்தின் சிறப்பியல்பாக இருந்தது.

விமர்சனங்கள்

சாட்சி கூறும் வழக்கத்தின் மீது கிறிஸ்தவர்களும் பிறரும் பல விமர்சனங்களை முன்வைத்துள்ளனர்.

* கேட்போரைக் கவர வேண்டி முந்தைய வாழ்வின் தீமைகள் மிகைப்படுத்தப்படலாம்.
* நலம் பெற்றவர்களே மேடை ஏறுவதால், மன்றாடியும் நலம் பெறாதவர்களின் குரல் கேட்பதில்லை. இதனால் அவர்கள் தமது நம்பிக்கையே குறைவுடையது என்று வருந்த நேரிடுகிறது.
* நோய் நீங்கியது பற்றிய சாட்சியைக் கேட்டு மருத்துவத்தை இடையில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம்.
* திடீர் மாற்றம் எதுவுமின்றிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் தமக்குச் சொல்லச் சாட்சியே இல்லை என எண்ணக்கூடும்.
* இந்தியாவில் பல ஊர்கள் குழுவாகவே கிறிஸ்தவத்தைத் தழுவின. தனிமனித மனமாற்றத்தை அளவுகோலாகக் கொண்டால் இவர்களின் வரலாறு மறைந்துவிடுகிறது.

மலர் தன் மணத்தால் அறியப்படுவதுபோல, சமயமும் வாழ்வினால் அறியப்பட வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்தாக இருந்தது. இதற்கு அருகில் வரும் கருத்தொன்றைக் கிறிஸ்தவத் தரப்பிலிருந்து லெஸ்லி நியூபிகின் கூறினார். அமெரிக்க மதுரை மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தபோது, மதுரை–இராமநாதபுரம் பேராயராகப் பொறுப்பேற்றவர் இவர். நற்செய்தியைப் பிறர் நம்பத்தக்கதாக்குவது அதன்படி வாழும் சபையே என்று 1989இல் வெளிவந்த தமது நூலில் அவர் வாதிட்டார். எனினும் சொல்லால் அறிவிப்பது தேவையற்றது என்று அவர் கருதவில்லை.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் முதலியவற்றுக்கு உட்பட்டு, சமயத்தை அறிவிக்கவும் பின்பற்றவும் பரப்பவும் அனைவருக்கும் உரிமை அளிக்கிறது. 1977ஆம் ஆண்டு ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், ஒருவர் தம் சமயக் கொள்கைகளை எடுத்துரைத்துப் பரப்பலாம் என்றும், பிறரை மதமாற்றுவது அடிப்படை உரிமை ஆகாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க 2002இல் இயற்றப்பட்ட சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆசை காட்டியோ அச்சுறுத்தியோ மதம் மாற்றுவது வேறு, ஒருவர் தம் அனுபவத்தைக் கூறுவது வேறு. கேட்பவர் அதனை ஏற்கவோ மறுக்கவோ முழு உரிமை உடையவராக இருக்கும்போதே அது சாட்சியாக நிற்கும்.