காப்பிப் பொறியின் கிண்ணமும் அமுக்கியும்

நம் இல்லங்களில் நாள்தோறும் காப்பி வடிக்கும் ஃபில்டரை அறியாதார் இலர். மேற்பாத்திரத்தில் தூளை இட்டு, குடை போன்ற தட்டினால் மெல்ல அமுக்கிக் கொதிநீர் வார்ப்பின், நீர் தன் எடையினாலேயே தூளினூடு இறங்கி, நெடுநேரஞ் சென்று கீழே டிகாக்‌ஷனாய்ச் சேர்கின்றது. அக்குடை சிறிது சாய்ந்திருப்பினும் பெருங்கேடு விளைவதில்லை. பொறுமையே அம்முறைக்கு உயிர். இத்தாலி நாட்டில் தோன்றிய எஸ்பிரெசோ என்னும் காப்பியின் இயல்போ இதனின் வேறு. அதனை இல்லத்தில் வடிக்க விழைவோர் பலர் பொறியைத் தேர்வதிற் காட்டும் கருத்தை, அதனோடு வரும் இரு சிறு கருவிகளிடத்துக் காட்டுவதில்லை. அவ்விரண்டனையும் பற்றியே ஈண்டு ஆராய்வாம்.

மிலான் நகரத்து லூயிஜி பெட்சேரா என்பார் 1901ஆம் ஆண்டில் நீராவியின் விசையாற் காப்பி வடிக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். நீராவி தந்த அழுத்தம் சிறிதே. பின்னர் அந்நகரத்தவரான அக்கில்லே காஜியா என்பார், சுருள்வில்லும் நெம்புகோலும் கொண்ட பொறியை 1947ஆம் ஆண்டையொட்டி அமைத்து, அழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தினார். வறுத்த கொட்டையினுள் அடங்கிய கரியமிலவாயு அவ்வழுத்தத்தாற் காப்பியிற் கலந்து, வெளிவந்தவுடன் நுரைக்கும். கோப்பையின் மேற் படியும் அப்பொன்னிற நுரையையே கிரேமா என்பர். இந்நாளில் ஏறக்குறைய 9 பார் அழுத்தமும், 25 முதல் 30 விநாடி வரையிலான காலமும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. ஃபில்டர் ஒரு நாழிகையிற் செய்வதை இப்பொறி அரை நிமிடத்திற் செய்கின்றது. ஆகலின் சிறு பிழையும் இதிற் பெரும்பிழையாகி விடும்.

பாஸ்கெட் என்பது தூளை ஏந்தும் உலோகக் கிண்ணம். அடியில் நுண்டுளைகளை உடையது. கைப்பிடியுள்ள தாங்கியிற் பொருந்துவது. டேம்பர் என்பது அத்தூளை அமுக்கும் அமுக்கி. இவற்றின் தேர்வு தவறின் யாது நேரும் என்பதை எம் இல்லத்து நிகழ்ச்சி யொன்றே காட்டும்.

சென்ற விடுமுறையில் எம் தமையனார் தம் முதற் சம்பளத்தைக் கொண்டு, பிறரொருவர் பயன்படுத்திய சிறுபொறி யொன்றை அன்னையார்க்கென வாங்கி வந்தார். அதனோடிருந்த கிண்ணம் தாழ்ந்ததென எவரோ சொல்லக் கேட்டு, வேறொரு கிண்ணமும் வாங்கினார். கடைத்தூளை இட்டு, உடனிருந்த பிளாஸ்டிக் அமுக்கியால் வலிந்து அமுக்கினார். எட்டு விநாடிக்குள் வெளிறிய நீர் பாய்ந்தோடிற்று. அன்னையார் ஒருவாய் அருந்தி, "நல்லாயிருக்கப்பா" என்று கூறித் தம்ளரைக் கீழே வைத்தார், மீண்டும் எடுத்திலர். தமையனார் பொறியே பழுதென்று கருதி, வந்த விலைக்கு விற்றுவிட எண்ணினார். யாங்கள் அதனைத் தடுத்துக் காரணந் தேடலாயினோம்.

முதற்கண் கிண்ணத்தைக் காண்பாம். அஃது இருவகைப்படும். இரட்டைச் சுவர்க் கிண்ணத்தின் உள்ளடியிற் பல துளைகளும், வெளியடியில் ஒரே நுண்டுளையும் உள. அவ்வொரு துளையே நீரைத் தடுத்து அழுத்தத்தை உண்டாக்குதலின், கடையில் அரைத்த தூளும் ஒருவாறு பயன்படும், நுரையும் வரும். ஆயினும் அந்நுரை, காப்பி நுண்டுளையிற் பீறிடுதலால் எழுவதே. ஒற்றைச் சுவர்க் கிண்ணத்திலோ தடையாய் நிற்பது தூள் ஒன்றே. தூள் மிக நுண்ணியதாகவும், அவ்வப்போது மாற்றி அரைக்கத் தக்கதாகவும் இருத்தல் வேண்டும். ஆகவே, நுண்ணிதின் அரைக்கும் பொறி இல்லாதார் இரட்டைச் சுவரையும், உள்ளார் ஒற்றைச் சுவரையும் கொள்க. உயர்ந்தது, தாழ்ந்தது என்பது கிண்ணத்தில் இல்லை. அரைக்கும் வசதிக்குப் பொருந்துதலிலேயே உளது. தமையனாரின் முதற்பிழை இதுவே.

அடுத்து, கிண்ணத்தின் கொள்ளளவு. 7 கிராம் அளவு கொள்ளும் சிறு கிண்ணம் பெரும்பாலும் அடி குறுகியிருத்தலின், தூளைச் சமனாக அமுக்குதல் அரிது. பயிலுவோர்க்கு 14 முதல் 18 கிராம் வரை கொள்ளும் நேர்ச்சுவர்க் கிண்ணமே எளிது. அளவு மிகாமையை அறிய வழியொன்றுண்டு. அமுக்கிய தூளின்மேல் மெல்லிய நாணயத்தை வைத்து, தாங்கியைப் பொறியிற் பூட்டிக் கழற்றிப் பார்க்க. நாணயம் தூளில் அழுந்தியிருப்பின், தூள் மிகுதியென்க. நீர் பெற்ற தூள் பருத்தற்கு இடம் வேண்டுமன்றோ?

இனி அமுக்கியைக் கருதுவாம். பொறிதோறும் கிண்ணத்தின் விட்டம் வேறுபடும். காப்பிக் கடைப்பொறிகளிற் பெரும்பாலானவும் காஜியா கிளாசிக் போன்ற சில வீட்டுப்பொறிகளும் 58 மில்லிமீட்டர். பிரெவில் பம்பினோ 54. வேறு சில 51. பெயரளவை நம்பாது, தூள் நிற்கும் மட்டத்திற் கிண்ணத்தின் உள்விட்டத்தை அளந்தறிதலே நன்று. யாங்கள் வெர்னியர் அளவி கொண்டு அளந்தபோது, கிண்ணம் 51 மில்லிமீட்டரும் அமுக்கி 49 மில்லிமீட்டரும் இருந்தன. இரண்டு மில்லிமீட்டர்தானே என்பீர், கணக்கிட்டுப் பாருங்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், ஏறக்குறைய பதின்மூன்றில் ஒரு பங்கு தூள் விளிம்பைச் சுற்றி அமுங்காதே நின்றது. நீர் எளிய வழியையே நாடும். அது விளிம்பின் வழியே பாய்ந்து, அங்குள்ள தூளைக் கசப்பேற வடித்து, நடுவிலுள்ளதைப் புளிப்போடு விட்டுச் செல்லும். ஒரே கோப்பையிற் கசப்பும் புளிப்பும் கூடுதற்குக் காரணம் இதுவே.

வலிந்து அமுக்கின் இக்குறை நீங்காதோ எனின், நீங்காது. 51 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். 9 பார் அழுத்தமாவது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் சற்றேறக்குறைய 9 கிலோகிராம் பாரம். ஆகவே நீர் தூளை 180 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு அழுத்துகின்றது. அதன்முன் நம் கையின் 15 கிலோகிராம் எம்மாத்திரம்? கையின் கடமை வன்மை காட்டுதலன்று. தூளைச் சமனாக்கி, இடைவெளியின்றி நிறுத்துதலே. தூள் மேலும் அமுங்காத நிலை வந்ததும் நிறுத்துக. அதற்குமேல் வருந்துவது மணிக்கட்டிற்கே கேடு.

ஆதலால் அமுக்கி வாங்குவோர் முதலாவது விட்டத்தையும், இரண்டாவது அடியின் சமதளத்தையும், மூன்றாவது உள்ளங்கையிற் பொருந்தும் பிடியையும் நோக்குக. உள்விட்டத்தினும் அரை மில்லிமீட்டருக்கு மேற் குறையாதிருத்தல் நலம். கிண்ணத்தின் விளிம்பிற் படிந்து தானே சமனாகும் அமுக்கிகளும் உள; கை பழகாதார்க்கு அவை துணையாம். அழகிய மரப்பிடியும் பளபளப்பும் விலையைக் கூட்டுமேயன்றிச் சுவையைக் கூட்டா.

எம் தமையனார் பொறியை விற்றிலர். கடைத்தூள் தீரும்வரை பழைய இரட்டைச் சுவர்க் கிண்ணத்தையே மீண்டும் இட்டார். பின்னர் நுண்ணிதின் அரைக்கும் கையரைப்பான் ஒன்றும், அளவிற் பொருந்திய எஃகு அமுக்கி யொன்றும் வாங்கி, ஒற்றைச் சுவர்க் கிண்ணத்திற் பயின்றார். முதல் நான்கு நாள் தூளும் பாலும் வீணாயின. ஐந்தாம் நாள் அன்னையார் ஒன்றுங் கூறிற்றிலர்; ஆனால் தம்ளரைக் கழுவ எடுத்தபோது, அதில் ஒரு துளியும் எஞ்சியிருக்கவில்லை.