‘ஆஸ்க்’ என்னும் ஆங்கில வினை

தமிழிலே ‘கேள்’ என்னும் வினைச்சொல் மிகப் பரந்த பொருளுடையது. ஆசிரியர் கூறுவதைச் செவிமடுத்தலும் கேட்டல். விளங்காததை வினாவுதலும் கேட்டல். அயலாரிடம் கடன் வேண்டுதலும் கேட்டல். பெரியோர் சொற்படி ஒழுகுதலும் கேட்டலேயாம். இத்தனை பொருளையும் ஒரு சொல்லில் அடக்கிப் பழகிய நாம் ஆங்கிலம் எழுதப் புகும்போது ‘ஆஸ்க்’ என்னும் சிறு சொல்லிலே பெரிதும் வழுவுகின்றோம். அச்சொல்லின் பொருளை அறியாதார் நம்முள் இலர். அதனை வாக்கியத்தில் அமைக்கும் முறையிலேதான் வழு நேர்கின்றது.

இவ்வழுவைச் சிறிதென்று தள்ளுதல் தகாது. ஒருவன் பிறரிடத்து ஒன்றைக் கேட்குமிடத்திலேதான் அவர்தம் தயவையோ அறிவையோ நாடி நிற்கின்றான். உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்போன், விடுமுறை வேண்டுவோன், பிறநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நிருபம் வரைவோன் ஆகிய யாவரும் கேட்போரே. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியென வகுத்தது. ஆதலின் பிறமொழியாளரோடு நாம் நிகழ்த்தும் கேள்விகளுட் பல அம்மொழியிலேயே நிகழ்கின்றன. அங்கே ஒரு சொல் பிறழின் பணிவு அதட்டலாகவும், ஐயம் அவமதிப்பாகவும் மாறிவிடும்.

முதலாவது வழு வேற்றுமை பற்றியது. ‘அவரிடம் கேள்’ என்னும் தமிழ் வழக்கை உளங்கொண்டு ‘ஆஸ்க் ஃப்ரொம் ஹிம்’ என்று எழுதுவாரும், ‘ஆஸ்க் டு ஹிம்’ என்று எழுதுவாரும் பலர். இரண்டும் பிழை. கேட்கப்படும் ஆளின் பெயர் ‘ஆஸ்க்’ என்னும் வினையை அடுத்து, இடையே வேறு சொல்லின்றி நிற்றல் வேண்டும். ‘ஆஸ்க் ஹிம்’ என்பதே முறை. ‘அவரைக் கேள்’ என்று இரண்டாம் வேற்றுமையிற் கூறும் வழக்கும் தமிழிலே உண்டு. அதனை நினைவிற்கொள்ளும் மாணாக்கன் இவ்விடத்தில் தவறான்.

இடையிலே ஒரு சொல் புகுமாயின் பொருள் வேறாகும். ‘ஆஸ்க் தி மாஸ்டர்’ என்றால் ஆசிரியரை வினாவுக என்பது பொருள். ‘ஆஸ்க் ஃபோர் தி மாஸ்டர்’ என்றால் ஆசிரியரைக் காணவேண்டும் என்று கூறுக என்பது பொருள். ‘ஆஸ்க் ஆஃப்டர் தி மாஸ்டர்’ என்றால் அவர் நலம் விசாரிக்க என்பது பொருள். ஒரு சிறு சொல்லின் வரவால் மூன்று வேறு செயல்கள் தோன்றுதல் காண்க.

இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்தற்கு நம் இலக்கணமே துணைபுரியும். 13ஆம் நூற்றாண்டளவில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுக்கின்றது. வினாவுவோன் யாது கருதி வினாவுகின்றான் என்பதே இவ்வகுப்பின் அடிப்படை. ஆங்கிலமும் இக்கருத்து வேறுபாட்டையே வாக்கிய அமைப்பினாற் காட்டுகின்றது.

கடைக்காரரிடம் ‘உழுந்து உண்டா?’ என்பது கொளல்வினா. கேட்போன் விரும்புவது விடையன்று, பொருள். ஆகலின் இங்கே ‘ஆஸ்க் ஃபோர்’ வரும். உழுந்தின் விலையை மாத்திரம் அறிய விரும்பின், அஃது அறியாவினா. ‘ஆஸ்க் தி ப்ரைஸ்’ என்று ‘ஃபோர்’ இன்றியே வரும். ‘பாடம் படித்தாயா?’ என்று தந்தை மகனை வினாவுதல் ஏவல்வினா. பிறரை ஒன்று செய்யுமாறு தூண்டும் இக்கருத்துக்கு ‘ஆஸ்க் ஹிம் டு ரீட்’ என்றாற்போல ‘டு’ என்பதோடு வினைச்சொல் வரும். தாம் நன்கறிந்த ஒன்றை மாணாக்கன் அறிவானோ என்று ஆசிரியர் வினாவுவது அறிவினா. அதற்கு ‘குவெஸ்ச்சன்’ என்பதனையே வினைச்சொல்லாக வழங்குதலும் உண்டு. ‘உனக்கு உடை இல்லையோ?’ என்னும் கொடைவினாவிலோ கருத்து ஈதலாதலின், ஆங்கிலர் அதனை ‘ஆஃபர்’ என்பர்.

எஞ்சிய ஐயவினாவிலே மற்றோர் இடர் உண்டு. விளங்காத பகுதியை ‘ஐயம்’ என்னும் நாம், அதனை ‘டவுட்’ என்று மொழிபெயர்த்து, ‘ஆஸ்க் எ டவுட்’ என எழுதிவிடுகின்றோம். இங்கிலாந்தாரிடத்தே ‘டவுட்’ என்பது பெரும்பாலும் நம்பாமையைக் குறிக்கும். ‘உம்முடைய விளக்கத்தில் எனக்கு டவுட் உண்டு’ என்று அந்நாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதினால், அவ்விளக்கத்தை நாம் ஏற்கவில்லை என்றே அவர் கருதுவர். அறியும் விருப்பினாற் கேட்பதை ‘குவெஸ்ச்சன்’ என்று பெயராகக் கூறி, ‘ஆஸ்க் எ குவெஸ்ச்சன்’ என்றலே தக்கது. அதே ‘குவெஸ்ச்சன்’ வினைச்சொல்லாகி ஆளைத் தழுவின் விசாரணையையும், ஒருவர் கூற்றைத் தழுவின் மறுப்பையும் குறித்தலுண்டு. ஆகவே அறிவினாவிற் பொருந்தும் அவ்வினை விண்ணப்பத்துக்குப் பொருந்தாது. வேலை பற்றி உசாவுவோன் ‘இன்குவயர்’ என்னும் சொல்லைக் கொள்வானாக.

இனி, பிறர் வினாவை எடுத்துக் கூறும் முறை. ‘நீ எங்கே போகின்றாய் என்று கேட்டார்’ என்னுந் தமிழ் வாக்கியத்தில், ‘என்று’ என்பதன் முன் அவர் வினா உள்ளபடியே நிற்கின்றது. ஆங்கிலத்தில் அயற்கூற்றாக எழுதுங்கால் அஃது அவ்வாறு நில்லாது. ‘ஹி ஆஸ்க்ட் மி வேர் ஐ வாஸ் கோயிங்’ என வரும். இங்கே ‘என்று’ என்பதற்கு ஈடாகத் ‘தட்’ வாராது, ‘நீ’ என்பது ‘நான்’ ஆகும், ‘வாஸ்’ என்பது ‘ஐ’ என்பதற்குப் பின்னரே நிற்கும், வினாக்குறியும் நீங்கும். ‘வந்தானா என்று கேட்டார்’ என்புழி நாம் இறுதியில் வைக்கும் ஆகார வினாவெழுத்தின் தொழிலை, ஆங்கிலத்திலே ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ என்னுஞ் சொல் முன்னின்று செய்யும்.

விண்ணப்பம் வரைவோர் அறியவேண்டுவன இன்னும் இரண்டு உள. ‘ரிக்குவெஸ்ட்’ என்பது பெயராகும்போது ‘எ ரிக்குவெஸ்ட் ஃபோர் லீவ்’ என ‘ஃபோர்’ ஏற்கும். வினையாகும்போது ‘ஐ ரிக்குவெஸ்ட் லீவ்’ என அஃதின்றியே நிற்கும். ‘டிமாண்ட்’ என்பது பிறெஞ்சு மொழியிலே இயல்பான கேட்டலைக் குறிக்கும் சொல்லோடு இனமானது. ஆயினும் ஆங்கிலத்திலே அது அதிகாரத்தோடு வற்புறுத்திக் கேட்டலாயிற்று. பணிவாக ஒன்றை வேண்டுவோன் அச்சொல்லைத் தொடாதிருத்தல் நன்று.

இவற்றை நோக்கும் மாணாக்கர் எழுதத் தொடங்குமுன் தம்மைத் தாமே ஒன்று வினாவிக்கொள்வாராக: ‘யாம் வேண்டுவது விடையோ, பொருளோ, பிறர் செய்யும் ஒரு செயலோ?’ விடையாயின் ‘ஆஸ்க்’. பொருளாயின் ‘ஆஸ்க் ஃபோர்’. செயலாயின் ஆளின் பெயரை இடையிட்டு ‘டு’. வினாவுதற்கு நாணாதார் கல்வியில் வளர்வர் என்பது நம் முன்னோர் கொள்கை. முறையறிந்து வினாவுவோர்க்கு அயன்மொழியிலும் தக்க விடை கிடைக்கும் என்பது எம் துணிபு.