வானத்தில் ஒரு காம்பரா

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு விண்வெளிக் கலத்தோடு என்ன உறவு என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். 'கலம்' என்னும் சொல்லே என்னை அதனிடம் இழுத்துச் சென்றது. மரக்கலமும் கலம், உண்கலமும் கலம், மகளிர் பூணும் அணியும் கலமே. சென்ற ஆண்டு பதினோராந் தரத்தில் இதனை விளக்குகையில் விண்கலத்தையும் சேர்த்துச் சொன்னேன். அது எவ்வளவு பெரிது என்று பிள்ளைகள் கேட்டனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2014 டிசம்பர் 18இல் ஆளின்றி ஏவி, வங்கக் கடலில் இறக்கிச் சோதித்த கூண்டின் குறுக்களவு 3.1 மீற்றர் என்று படித்திருந்தேன். கயிறும் வெண்கட்டியும் கொண்டு மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வட்டமொன்று வரைந்தோம்.

"ஐயா, இது எங்கள் காம்பரா அளவுதானே!" என்றாள் ஒரு மாணவி.

உண்மைதான். வெள்ளையர் காலத்து லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. வட்டத்தின் குறுக்களவும் பத்தடியைச் சற்றே மிஞ்சியது. நானும் அத்தகைய அறையொன்றிற் பிறந்தவனே. இந்தியரின் ககன்யான் கலம் மூவர் மூன்று நாள் தங்குவதற்கென வகுக்கப்பட்டது. அவள் வீட்டிலோ எழுவர். ஆயினும் அவள் அடுத்துக் கேட்டது எண்ணிக்கையைப் பற்றியதன்று.

"கதவைச் சாத்திவிட்டால் புகை எப்படி வெளியே போகும், ஐயா?"

விறகடுப்பின் அருகே உறங்கியெழும் பிள்ளைக்கன்றி வேறெவருக்கு அவ்வினா முதலிலே தோன்றும்? எனக்கு விடை தெரியவில்லை. விஞ்ஞான ஆசிரியரை நாடினேன், இருவருமாய்ப் படித்தோம்.

மனிதன் வெளிவிடும் மூச்சே அங்குப் புகை. எடையற்ற அந்நிலையிற் சூடான காற்று மேலெழாது. காற்றாடி ஓயாது சுழலாவிடின், உறங்குபவன் விட்ட மூச்சு அவன் முகத்தைச் சுற்றியே தேங்கி நிற்கும். காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதற்கு அப்பலோ கலங்களில் இலிதியமைதரொட்சைட்டு நிரப்பிய பெட்டிகளை வைத்தனர். 1970 ஏப்ரலில் அப்பலோ 13 பழுதுற்றபோது, இருவருக்கென அமைத்த சந்திரக் கலத்தில் மூவர் ஒதுங்க நேர்ந்தது. கெட்ட காற்று பெருகிற்று. தாய்க்கலத்தின் சதுரப் பெட்டிகளோ சிறுகலத்தின் வட்டத் துளைகளிற் பொருந்துவன அல்ல. அட்டையும் ஒட்டுநாடாவும் கொண்டு எவ்வாறோ இணைத்து உயிர் தப்பினர். இருவர் மனையில் மூவர் இருக்கும் இடர்ப்பாட்டை மலையகத்தாருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வேலைக்குப் பெண்கள் போவார்களா என்றாள் மறுநாள். லலிதாம்பிகாவின் கதையைச் சொன்னேன். 1962இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் வீட்டிலேயே வில்லைகளும் நுணுக்குக்காட்டிகளும் செய்தவர். 1988இல் விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்திற் சேர்ந்து, ரொக்கெட்டுகளைத் தடம் பிறழாது செலுத்தும் கட்டுப்பாட்டுப் பொறியியலில் முப்பதாண்டு உழைத்தார். 2018இல் மனித விண்வெளித் திட்டத்தின் இயக்குநரானார். அதுவரை அவர் நெறிப்படுத்திய ரொக்கெட்டுகள் சுமந்தவை கருவிகள். இனிச் சுமக்கவேண்டியவை மூன்று உயிர்கள். காற்று, வெப்பம், ஈரம், பிழை நேரின் தப்பியோடும் வழி யாவும் கணக்கிற் புகுந்தன. 2023இல் பிரெஞ்சு அரசு தன் உயரிய விருதை அவருக்கு அளித்தது. என் மாணவிக்கோ விருதினும் பாட்டனாரின் வில்லைகளே பிடித்திருந்தன.

சாதாரண தரப் பரீட்சையில் அவள் கணிதத்திற் சிறப்பாகத் தேறியிருக்கிறாள். எங்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லை, அட்டனுக்குப் போகவேண்டும். பஸ் கட்டணத்தை எண்ணித் தந்தையார் தயங்குகிறார். கலைப் பிரிவாயின் என்னிடமே தமிழ் கற்பாள். அப்படியே ஆகட்டும் என்று என் உள்ளமும் ஒருகணம் ஆசைப்பட்டதை மறைப்பானேன்? ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பார். விண்ணப்பப் படிவத்தோடு லயத்துக்குப் போகிறேன்.