கம்பி-பலகை இணைப்பி

கம்பி-பலகை இணைப்பி என்பது மின்சுற்றுப் பலகையுடன் மின்கம்பிகளைக் கழற்றி மாட்டத்தக்க வகையில் இணைக்கும் மின்னணு உறுப்பு ஆகும். பலகையில் பற்றாசு கொண்டு பொருத்தப்படும் ஊசித்தொகுதி, கம்பியின் நுனியில் இறுக்கப்படும் உலோக முனையம், அம்முனையங்களைத் தாங்கும் நெகிழி உறை ஆகிய மூன்றும் இதன் பகுதிகள் ஆகும். கம்பியை நேரடியாகப் பலகையில் பற்றவைத்தால் பழுதுபார்ப்பு கடினமாகும். ஆகவே பெரும்பாலான கருவிகளில் இணைப்பிகளே பயன்படுத்தப்படுகின்றன. தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இணைப்பி சூடேறி உருகவோ, தீப்பற்றவோ கூடும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில்

தமிழ்நாட்டில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் பகுதி இவ்வகை உறுப்புகள் மிகுதியாகப் பயன்படும் தொழில் வட்டாரங்களுள் ஒன்றாகும். 1971 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டைகள் இங்கு உள்ளன. டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் ஓசூரில் அமைந்துள்ளன. 2021 ஆம் ஆண்டில் ஏத்தர் எனர்ஜி ஓசூரிலும், ஓலா எலக்ட்ரிக் போச்சம்பள்ளி அருகிலும் மின் ஈருருளி ஆலைகளைத் தொடங்கின. இதே மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள ஊர் காவேரிப்பட்டினம் ஆகும் (இது சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினம் அன்று). வயலில் உள்ள நீரேற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டி முதல் மின் ஈருருளி வரை, வெயில், தூசி, அதிர்வு ஆகிய மூன்றையும் இப்பகுதியின் கருவிகள் தாங்க வேண்டியுள்ளது.

ஊசி இடைவெளி

அடுத்தடுத்த இரு ஊசிகளின் மையங்களுக்கு இடையிலான தொலைவு ஊசி இடைவெளி எனப்படும். பரவலாக அறியப்பட்ட சில தொடர்கள் பின்வருமாறு. மின்னோட்ட அளவு ஒவ்வொரு தொடரும் ஏற்கும் மிகத் தடித்த கம்பிக்கு உரியது.

* ஜேஎஸ்டி எஸ்எச்: 1.0 மிமீ, 1 ஆம்பியர்
* ஜேஎஸ்டி பிஎச்: 2.0 மிமீ, 2 ஆம்பியர்
* ஜேஎஸ்டி எக்ஸ்எச்: 2.5 மிமீ, 3 ஆம்பியர்
* ஜேஎஸ்டி விஎச்: 3.96 மிமீ, 10 ஆம்பியர்

எக்ஸ்எச் தொடரின் இடைவெளி 2.5 மிமீ, மோலெக்ஸ் கேகே 254 தொடரின் இடைவெளி 2.54 மிமீ. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழையாகும். 2 ஊசிகள் மட்டும் உள்ளபோது வேறுபாடு 0.04 மிமீ என்பதால் பலகைத் துளைகளில் ஊசிகள் எளிதில் நுழைந்துவிடும். 10 ஊசிகள் இருந்தால் இடைவெளிகள் ஒன்பது ஆதலால் வேறுபாடு 0.36 மிமீ ஆகிறது. ஊசிகள் துளைகளில் பொருந்தா.

மின்னோட்டமும் வெப்பமும்

தொடுமுனையில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் தொடுதடைக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். 10 மில்லி ஓம் தடையுள்ள தொடுமுனையில் 3 ஆம்பியர் பாய்ந்தால் 0.09 வாட் வெப்பம் உண்டாகும். முனையம் தளர்ந்து தடை 100 மில்லி ஓம் ஆனால் அது 0.9 வாட் ஆகிவிடும்.

தரவுத்தாளில் உள்ள மின்னோட்ட அளவு, பொதுவாக வெப்பநிலை 30 பாகை செல்சியசு உயரும் நிலையைக் குறிக்கிறது. எக்ஸ்எச் தொடரின் உச்ச வெப்பநிலை, இவ்வுயர்வையும் சேர்த்து, 85 பாகை ஆகும். வெயிலில் நிற்கும் பெட்டியின் உள்ளே 60 பாகை எனக் கொள்வோம். 3 ஆம்பியர் பாய்ந்தால் மொத்தம் 90 பாகை ஆகும், வரம்பு மீறப்படுகிறது. 2 ஆம்பியர் பாய்ந்தால் உயர்வு ஏறக்குறைய 13 பாகை மட்டுமே. மொத்தம் 73 பாகை என்பது ஏற்கத்தக்கது. எனவே இப்பெட்டியில் 3 ஆம்பியர் தேவைப்படின் விஎச் போன்ற பெரிய தொடரே பொருத்தமானது.

கம்பியின் தடிமனும் இத்துடன் பொருந்த வேண்டும். அமெரிக்கக் கம்பி அளவில் எண் கூடக் கம்பி மெலியும். எக்ஸ்எச் முனையம் 30 முதல் 22 வரையான எண்களையே ஏற்கும்.

பூட்டும் முலாமும்

சில இணைப்பிகள் உராய்வால் மட்டுமே நிற்கின்றன. சிலவற்றில் கொக்கிப் பூட்டு உண்டு. வண்டிகளில் கொக்கிப் பூட்டு இன்றியமையாதது. மழைநீர் படும் இடங்களில் இரப்பர் அடைப்புள்ள வகையைப் பயன்படுத்த வேண்டும்.

வெள்ளீய முலாம் விலை குறைந்தது. ஆனால் அதிர்வால் தொடுமுனைகள் நுண்ணளவில் உரசும்போது ஆக்சைடுத் தூள் சேர்ந்து தடை உயரும். மிகச் சிறிய குறிகைகளைக் கடத்தும் உணரிகளுக்குத் தங்க முலாம் ஏற்றது. ஒரு பக்கம் தங்கமும் மறுபக்கம் வெள்ளீயமும் கொண்டு இணைத்தல் தவிர்க்கத்தக்கது.

முனையம் இறுக்குதல்

கம்பியின் நுனியில் முனையத்தை நெரித்துப் பொருத்துதல் கிரிம்பிங் எனப்படும். முனையத்தின் முன் இறக்கைகள் செப்பு இழைகளையும், பின் இறக்கைகள் கம்பியின் காப்புறையையும் பற்ற வேண்டும். காப்புறை முன் இறக்கைகளில் சிக்கினால் மின்தொடர்பு குறையும். இறுக்கிய முனையத்தின் மீது பற்றாசு ஊற்றுவது வலுவூட்டும் என்ற கருத்து தவறானது. பற்றாசு இழைகளுக்குள் ஏறிக் கம்பியை விறைப்பாக்குவதால், அதிர்வில் அவ்விடத்திலேயே கம்பி முறியக்கூடும். உரிய கருவியால் இறுக்கி, இழுத்துச் சோதிப்பதே முறையாகும். கம்பித்தொகுதிகளின் தரத்தை ஐபிசி ஏ-620 என்னும் தரநிலை வரையறுக்கிறது.

ஒரு படிப்பினை

2022 ஆம் ஆண்டில் என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கணினி வரைகலை அட்டைகள் சிலவற்றின் மின் இணைப்பிகள் உருகின. அவ்விணைப்பி 12 வோல்ட்டில் 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியர், கடத்த வடிவமைக்கப்பட்டது. ஆறு ஊசிகள் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 8.3 ஆம்பியர், ஒன்று தொடர்பிழந்தால் எஞ்சிய ஐந்தும் 10 ஆம்பியர் வீதம் சுமக்க வேண்டும். இணைப்பி முழுமையாகச் செருகப்படாமையே பொதுவான காரணம் என நிறுவனம் தெரிவித்தது. 2023 இல் உணர் ஊசிகளைக் குட்டையாக்கி, சரியாகச் செருகாவிடில் முழு ஆற்றல் கிடைக்காதவாறு வடிவமைப்பு மாற்றப்பட்டது. எளிதில் தவறாகப் பொருத்தக்கூடிய இணைப்பி, தரவுத்தாளின்படி சரியானதாயினும், நல்ல தேர்வு ஆகாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. ஒவ்வோர் ஊசியிலும் பாயும் உச்ச மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கணக்கிடுதல்.
2. பெட்டியின் உள் வெப்பநிலையைக் கொண்டு வரம்பைக் குறைத்தல்.
3. கம்பியின் தடிமனுக்கு ஏற்ற முனையத்தைக் காணுதல்.
4. அதிர்வு, ஈரம் ஆகியவற்றுக்கேற்பப் பூட்டையும் அடைப்பையும் முடிவுசெய்தல்.
5. ஒரே பலகையில் வெவ்வேறு மின்னழுத்தங்களுக்கு வெவ்வேறு ஊசி எண்ணிக்கையுள்ள இணைப்பிகளை அமைத்து, மாற்றிச் செருகுவதைத் தடுத்தல்.
6. உரிய கிரிம்பிங் கருவியும் மாற்று உறுப்புகளும் கிடைப்பதை உறுதிசெய்தல்.