வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்... முடிவெடுப்பது யார்?

மணவூரோ, திருத்தணியோ, சொந்த வீடு இருப்பவர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வரித் தொகையோடு 'நூலக வரி' என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. வீட்டு வரி 500 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 50 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால், தமிழ்நாட்டில் வீடு வைத்திருக்கும் அத்தனை பேரிடமும் வாங்குகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு பேர் பணம் போட்டு நடத்தும் நூலகத்தை எங்கே வைப்பது, யார் நிர்வகிப்பது, எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விதான் தமிழக நூலகத் துறையில் திரும்பத் திரும்பச் சண்டையாக வெடித்திருக்கிறது. அதில் பெரிய சண்டை 2011 நவம்பரில் நடந்தது.

ஒரே அறிவிப்பு... ஒன்பது தளம் காலி!

சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். 8 ஏக்கர் நிலம், 9 தளங்கள், 12 லட்சம் புத்தகங்களைத் தாங்கும் கொள்ளளவு. பார்வையற்றோருக்கு பிரெயில் பிரிவு, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து உட்கார்ந்து படிக்கவும் ஓர் இடம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள். அரசுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிப் பிரிவுதான் பெரிய வரம். ஒண்டுக் குடித்தன வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே படித்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. நவம்பர் 2 அன்று முதல்வர் ஜெயலலிதா தலைமையிலான அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நூலகம் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றப்படும், கோட்டூர்புரம் கட்டடம் குழந்தைகளுக்கான உயர் சிறப்பு மருத்துவமனை ஆகும் என்றார்கள். திறந்து 14 மாதங்கள்கூட முழுதாக முடியவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜூலையில்தான், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் அதே நூலகத்துக்கு வந்து உரையாற்றிவிட்டுப் போயிருந்தார்.

குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அறிவிப்பின் சாமர்த்தியமே அதுதான். எதிர்த்துப் பேசினால் 'நோயாளிக் குழந்தைகளுக்கு எதிராகப் பேசுகிறாயா' என்று திருப்பிக் கேட்டுவிடலாம். ஆனால், புத்தக அலமாரிக்கும் வாசிப்பு மேசைக்கும் திட்டமிட்டுக் கட்டிய கட்டடத்தில் அறுவை சிகிச்சை அரங்கை எப்படிக் கொண்டுவருவது? புத்தகங்களை மூட்டை கட்டி எடுத்துப்போனால் டி.பி.ஐ. வளாகத்தில் அவற்றைப் பிரித்து வைக்க இடம் தயாராக இருந்ததா? வாசகர்கள் கேட்டது இதைத்தான். எழுத்தாளர்களும் மாணவர்களும் கண்டனக் கூட்டம் போட்டார்கள். முந்தைய ஆட்சி கட்டிய புதிய தலைமைச் செயலகமும் மருத்துவமனையாகும் என்று சில மாதங்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தார்கள். அதனால் இதையும் அரசியல் கணக்கில் சேர்த்துப் பார்த்தவர்களே அதிகம்.

விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டே நாளில், நவம்பர் 4 அன்று, இடமாற்றத்துக்கு இடைக்காலத் தடை வந்தது. கட்டடம் தப்பியது.

தடை வாங்கினால் போதுமா?

இடம் மாறவில்லை, சரி. பராமரிப்பு? 2012-ல் நூலக அரங்கம் திருமண நிகழ்ச்சிக்கு வாடகைக்கு விடப்பட்டது என்ற செய்தி வந்தபோது ஊரே முகம் சுளித்தது. அதற்கும் நீதிமன்றம்தான் தடை போட வேண்டியிருந்தது. அதன் பிறகும் வழக்கு வருடக்கணக்கில் ஓடியது. நாற்காலி, கழிவறை, புத்தகம் வாங்குவது, காலிப் பணியிடம் என ஒரு நூலகர் மேசையில் முடிய வேண்டிய சங்கதிகளை எல்லாம் நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நூலகத்தை மூட அறிவிப்பே தேவையில்லை, கவனிக்காமல் விட்டாலே போதும் என்பதை அந்த வருடங்கள் காட்டின.

இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் வந்ததில்லை. அதே 2011 நவம்பரில் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர், சோமர்செட் கவுன்டி நிர்வாகங்கள் நூலகச் சேவையைக் குறைக்க எடுத்த முடிவுகளை அந்நாட்டு உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஒழுங்காக யோசிக்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். லண்டனின் பிரென்ட் பகுதியில் கதை வேறு. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1900-ல் வந்து திறந்த கென்சல் ரைஸ் வாசகசாலை உட்பட ஆறு நூலகங்களை மூடியதை எதிர்த்த வாசகர்கள் வழக்கில் தோற்றுப்போனார்கள்.

சட்டம் போட்டதில் நாம்தான் முதல்

நூலகத்துக்கு வரி என்ற யோசனைக்குப் பின்னால் இருப்பவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். அவரும் சென்னை நூலகச் சங்கமும் பல வருடங்கள் மல்லுக்கட்டியதன் பலன், கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார் காலத்தில் வந்த 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் போட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான்.

திருத்தணிக்காரர்களுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சட்டம் வந்தபோது திருத்தணி, சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது அந்தப் பக்கம் போய், எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ல் இந்தப் பக்கம் திரும்பியது. அதே திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில்தான், அதே 1948-ல், நாட்டின் பல்கலைக்கழகக் கல்வி ஆணையமும் அமைக்கப்பட்டது.

சட்டப்படி, உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். வாடகை, கரன்ட் பில், செய்தித்தாள், புத்தகம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். மக்களிடம் வாங்கிய வரியை உள்ளாட்சிகள் சரிவர அனுப்புவதில்லை, பாக்கி மலைபோல் சேர்கிறது என்பது நூலகத் துறையின் பழைய புலம்பல். சென்னை மாநகராட்சியே இந்தப் புகாரில் அடிக்கடி சிக்கியிருக்கிறது. நூலகத்துக்கென்று சொல்லி வாங்கிய காசை வேறு செலவுக்கு வைத்துக்கொள்வதற்கு எந்த நிதி நெருக்கடியும் சமாதானம் ஆகாது.

நூலகர் இல்லாத நாற்காலி

1972-ல் பொது நூலகத்துக்கென்று தனி இயக்ககம் வந்தது. ஆனால், இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் உட்கார்ந்தவர்கள் பள்ளிக்கல்வித் துறை அதிகாரிகள். பல நேரம் அதுவும் 'கூடுதல் பொறுப்பு'தான். நூலக அறிவியல் படித்து, அலமாரிகளுக்கு நடுவே 20, 30 வருடங்கள் வேலை பார்த்தவர் ஏன் அந்த இடத்துக்கு வரக்கூடாது என்று நூலகர் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. நியாயமான கேள்வி. மருத்துவக் கல்வி இயக்குநராக மருத்துவர்தானே வருகிறார்? மாவட்ட நூலக அலுவலர் பதவியிலும் பல இடங்களில் இதே 'பொறுப்பு' நிலைமைதான்.

கீழே வர வர நிலைமை இன்னும் மோசம். மாநிலத்தில் சுமார் 4,600 பொது நூலகங்கள் உள்ளன. அதில் நூற்றுக்கணக்கானவை பகுதிநேர நூலகங்கள். கிளை நூலகர் செய்யும் வேலையைத்தான் நாங்களும் செய்கிறோம், சம்பளம் மட்டும் ஏன் குறைவு என்பது ஊர்ப்புற நூலகர்களின் பல வருடக் கேள்வி. தனியாளாகப் புத்தகம் கொடுத்து வாங்கி, பேப்பர் அடுக்கி, கூட்டிப் பெருக்கிக் கதவைப் பூட்டுவதும் அவர்தான்.

புத்தகம் வாங்குவதிலும் சர்ச்சைக்குப் பஞ்சமில்லை. 'லைப்ரரி ஆர்டர்' கிடைத்தால்தான் பல சிறு பதிப்பகங்களுக்கு மூச்சு. சில வருடம் ஆர்டரே வராது. வந்தாலும் பக்கக் கணக்கில் அரசு போடும் விலை காகிதச் செலவுக்கே கட்டுப்படியாகாது. எந்தப் புத்தகத்தை, எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் வெளியே தெரியாது. இந்தப் புகார்களுக்குப் பிறகுதான் 2024-ல் வெளிப்படையான கொள்முதல் கொள்கையும் இணையவழி விண்ணப்பமும் வந்தன.

மணவூரிலிருந்து கோட்டூர்புரம்

மதுரையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாயிற்று. பெரிய நூலகங்கள் வருவது நல்லதுதான். ஆனால், மணவூரில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் கோட்டூர்புரம் போக வேண்டும் என்றால், அரக்கோணம் மின்சார ரயிலைப் பிடித்து 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனுக்கு நடந்து பறக்கும் ரயில் ஏற வேண்டும். தினமும் முடிகிற காரியமா? அவருக்குத் தேவை, பக்கத்திலேயே மாலை 8 மணி வரை திறந்திருக்கும் ஒரு வாசிப்பு அறையும் இந்த வருடத்துப் பொது அறிவுப் புத்தகமும்தான்.

அதற்கான காசைத்தான் நாம் வீட்டு வரியோடு கட்டுகிறோம். உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ நூலக வரியாக எவ்வளவு வசூலானது, அதில் எவ்வளவு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கட்டணத்தோடு உள்ளாட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால், 30 நாள்களுக்குள் அவர் பதில் தர வேண்டும்.