உடைந்த வளையலில் ஓர் ஆண்டெனா

கெலாங் பாத்தா என்றால் மலாயில் உடைந்த வளையல். இந்த ஜொகூர் ஊரின் தாமான் குடியிருப்பு வீட்டில் இருந்துகொண்டு, குறைந்த சக்தியில் உலகத்தோடு பேச வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், நான் முதலில் கைகாட்டும் ஆண்டெனாவும் உடைந்த வளையல்தான்.

குறைந்த சக்தி என்று அமெச்சூர் வானொலிக்காரர்கள் சொல்வது 5 வாட்டை. ஒரு சின்ன எல்இடி விளக்கு எரிய அது போதும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் சக்தி இருபதில் ஒரு பங்காகிறது. ஆனால் கேட்பவருடைய மீட்டரில் முள் இரண்டு கோடுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கீழிறங்கும். 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், மிக மெல்லிய குறிகளையும் பிரித்தறியும் டபிள்யூஎஸ்பிஆர் என்ற மென்பொருளை 2008இல் வெளியிட்டார். ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை வைத்துக்கொண்டே இன்று பலர் அதன் வழியாகக் கண்டம் தாண்டுகிறார்கள். அனுப்பும் பெட்டி சிறுத்தால் ஆண்டெனாதான் வேலையைச் சுமக்க வேண்டும்.

வழக்கமாகக் கட்டுவது இருமுனைக் கம்பி. 143ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் அதன் நீளம் மீட்டரில் வந்துவிடும். 14.1 மெகாஹெர்ட்சுக்குச் சுமார் 10 மீட்டர். தொலைதூரத்துக்குப் பேச அதைத் தரையிலிருந்தும் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். நம் வரிசை வீடுகள் பலவற்றின் அகலமோ 22 அடி. இத்தனைக்கும் மலாயாவின் வானொலிக் கதையே நம் ஜொகூரில்தான் தொடங்குகிறது. மாநில அரசின் மின்பொறியாளர் ஏ.எல். பெர்ச் 1921இல் முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்து, ஜொகூர் வானொலிச் சங்கத்தை அமைத்து, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பினார். அந்த அலைக்கு அரை அலைக் கம்பி கட்டுவதென்றால் 150 மீட்டர் இழுக்க வேண்டும். தாமான்வாசிக்கு அந்த வசதி ஏது?

வளையலுக்கு அவ்வளவு இடம் வேண்டாம். 22 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் குழாயை ஒரு மீட்டர் குறுக்களவில் வட்டமாக வளைத்து, உச்சியில் இடைவெளி விட்டு, அந்த இரு முனைகளுக்கிடையே ஒரு மின்தேக்கியைப் பொருத்தினால் காந்த வளைய ஆண்டெனா தயார். கீழ்ப்புறம், உள்ளே, 20 சென்டிமீட்டரில் இன்னொரு சிறு வளையம். வானொலியின் கேபிள் அதில்தான் சேரும். பெரிய வளையத்துக்கும் கேபிளுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ஐந்தடியில் ஒரு மரக்கழியில் நிறுத்திவிடலாம்.

எளிதாகத் தோன்றும் இந்த வளையத்துக்குக் கைப்பக்குவம் நிறைய வேண்டும். 14 மெகாஹெர்ட்சில், சக்தியை அலையாக வெளியேற்றும் இதன் கதிர்வீச்சுத் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செம்பின் தடையோ அதில் பாதியளவு. சரியாகப் பற்றாத ஒரே ஓர் இணைப்பு போதும், நம்முடைய 5 வாட்டில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். எனவே திருகாணி வேண்டாம். எல்லா இணைப்பையும் பற்றவையுங்கள். குழாயின் தடிமனிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மின்தேக்கி சுமார் 50 பைக்கோஃபாரட். முதல் சோதனைக்கு ஆர்ஜி-213 கேபிள் துண்டே போதும். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் தரும். அறுபது சென்டிமீட்டரில் தொடங்கி, மறுமுனையைத் திறந்தே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் அதிர்வெண் 130 கிலோஹெர்ட்ஸ் போல மேலேறும். வளையத்தின் பட்டையகலமோ பத்துக் கிலோஹெர்ட்ஸ் அளவுதான். ஆகவே கடைசியில் வெட்டுவது மில்லிமீட்டர் கணக்கில். நான் முதலில் வெட்டிய துண்டு இரண்டு மில்லிமீட்டர் குறைந்து, முழுதும் வீணானது.

ஓர் எச்சரிக்கை. 5 வாட்தானே என்று அந்த இடைவெளியைத் தொட்டுவிடாதீர்கள். நன்றாக இசைந்த வளையத்தில் அங்கே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் வைக்கவே கூடாது.

இத்தனை பாடுகளுக்கும் பலன் உண்டு. வளையத்தின் முகம் பார்க்கும் திசையில் அது செவிடு. பக்கத்து வீட்டு ஏர்கோனும் மலிவு விளக்குகளும் எழுப்பும் இரைச்சலை நோக்கி முகத்தைத் திருப்பிவிட்டால், அதுவரை கேட்காத மெல்லிய மோர்ஸ் ஒலி மேலே வரும். தாமானில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

வார இறுதியில் வெளியே போக முடிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி ஒன்று ஊரிலேயே இருக்கிறது. சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தை அடுத்த கம்போங் பெண்டாஸ் பக்கம், நீரோரமாக ஒரு ஃபைபர் தூண்டில் கழியை நட்டு, ஐந்து மீட்டர் கம்பியைச் செங்குத்தாகத் தூக்கிக் கட்டுங்கள். அதே நீளத்தில் இரண்டு கம்பிகளைத் தரையில் விரியுங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், கடல் பக்கம் போகும் அலை தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகப் புறப்படும். தொலைதூரத்துக்கு வேண்டியது அந்தத் தாழ்ந்த கோணம்தான். நம் ஊர் மேட்டுநிலம் இதைத் தராது. கடலோரத்தில் வசிப்பவர்கள் கடலைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமே. ஒன்று மட்டும்: தூரத்தில் இடி கேட்டாலே கழியை இறக்கிவிடுங்கள். மலேசியா உலகிலேயே மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று.

உரிமம் இல்லாமல் ஒரு வாட்கூட அனுப்பக் கூடாது. தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி உரிமம் பெறுபவர்களுக்குத் தீபகற்ப மலேசியாவில் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். நம் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதட்டும். வளையலை அவர்களோடு சேர்ந்து வளைத்துக்கொள்ளலாம்.